தனித்தேவைக் கருனி: லினக்ஸ் கருனியைத் தொகுத்தலும் நிறுவுதலும் – காட்டுப்பள்ளித் தொழிற்பகுதியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

லினக்ஸ் கருனியை ஒரு குறிப்பிட்ட பொறிக்கெனத் தனியே தொகுத்து நிறுவும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. தொகுத்தல் சில மணி நேர வேலை. தொகுத்த கருனியைப் பேணுதல் பதினைந்தாண்டு வேலை. ஆலைச் சூழலில் இவ்விரண்டாவது வேலைக்கே இடர் மிகுதி. ஆகவே கருனியின் அமைவடிவக் கோப்பினை இடைநிலைக் கோப்பாகக் கருதாமல் முதன்மை ஆவணமாகக் கொள்ள வேண்டும் என்பது இங்கு முன்வைக்கப்படும் கருத்து. சென்னை ஐஐடியின் சக்தி செயலி, நிகழ்நேரக் கருனி, பொது உரிமம், 2038-ஆம் ஆண்டுச் சிக்கல் ஆகியன இதன்வழி ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: லினக்ஸ், கருனி, அமைவடிவம், நிகழ்நேர இயக்கம், சக்தி செயலி, காட்டுப்பள்ளி.

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்தில், எண்ணூருக்கும் பழவேற்காட்டுக்கும் இடைப்பட்ட கடற்கரையில் அமைந்துள்ளது காட்டுப்பள்ளி. கிழக்கே வங்கக்கடல், மேற்கே பக்கிங்காம் கால்வாயும் கழிமுகமும். இந்தக் குறுகிய நிலப்பரப்பில் கப்பல் கட்டும் தளமும் சரக்குப்பெட்டகத் துறைமுகமும் உள்ளன. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் நீரை ஆக்கவல்ல மீஞ்சூர்க் கடல்நீர் குடிநீராக்கும் ஆலையும் 2010-இல் இங்குத் தொடங்கப்பட்டது. தெற்கே காமராசர் துறைமுகமும் வடசென்னை அனல்மின் நிலையமும் உள்ளன. வடமேற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகம் உள்ளது.

இத்தகைய தொழிற்பகுதிகளில் அலுவலக மேசைக் கணினிகளைக் காட்டிலும் கண்ணுக்குப் படாத கணினிகளே மிகுதி. உணரிகளின் அளவீடுகளைத் திரட்டி அனுப்பும் நுழைவாயிற் பெட்டிகள், இயக்குநர் தொடுதிரைகள், கண்காணிப்பு ஒளிப்பதிவுக் கருவிகள், எடைமேடைப் பொறிகள் எனப் பலவற்றுள் இன்று உலகெங்கும் லினக்ஸ் இயங்குகிறது. உயிர்காப்பு நிறுத்தங்களைச் செய்யும் பொறுப்பு இவற்றினுடையதன்று. அதற்கெனச் சான்றளிக்கப்பட்ட தனிக் கட்டுப்பாட்டுக் கருவிகள் உண்டு. எனினும் அக்கருவிகள் சொல்வதை மனிதருக்குக் காட்டுபவை பெரும்பாலும் இப்பெட்டிகளே. குறிப்பிட்ட ஆலை எதனையும் பற்றிய ஆய்வன்று இது. உப்புக்காற்றும் வெப்பமும் உள்ள ஒரு கரையில், எளிதில் மாற்றப்படாமல் பல்லாண்டு ஓடவேண்டிய பொறிக்குக் கருனியை எவ்வாறு ஆக்குவது என்பதே கேள்வி.

சொல்லும் பொருளும்

இயங்குதளத்தின் நடுவே நின்று நினைவகம், செயலி நேரம், கோப்பு முறை, வன்பொருள் ஆகியவற்றைப் பங்கிட்டுத் தரும் நிரலைத் தமிழ்க் கணிமை எழுத்துகள் 'கருனி' என வழங்குகின்றன. ஆங்கில ஒலியையும் 'கரு' என்னும் பொருளையும் ஒருசேரத் தாங்குவதால் இச்சொல் நிலைத்தது எனலாம். மூலநிரலைப் பொறிமொழியாக்குதல் இக்கட்டுரையில் 'தொகுத்தல்' எனப்படுகிறது. எவ்வெவ் வசதிகள் கருனியில் இடம்பெற வேண்டும் என்னும் தெரிவுகளின் முழுப் பட்டியல் 'அமைவடிவம்' எனப்படுகிறது. இச்சொல்லின்மீதே கட்டுரையின் பாரம் முழுவதும் நிற்கிறது.

பொதுக் கருனியும் தனிக் கருனியும்

தெபியன், உபுண்டு முதலிய வழங்கல்கள் தரும் கருனி எல்லார்க்கும் பொதுவானது. எந்தக் கணினியில் நிறுவினாலும் ஓடவேண்டும் என்பதால் ஆயிரக்கணக்கான இயக்கிகள் அதனுடன் வருகின்றன. சென்னையில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் வழங்கலும் தெபியனை அடியொற்றியதே. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸும் சேர்த்து வழங்கப்பட்டது. அத்தகைய பயன்பாட்டுக்குப் பொதுக் கருனியே தகும். மாணவர் நாளை எந்த அச்சுப்பொறியைச் செருகுவார் என்பதை முன்கூட்டியே அறிய முடியாது.

ஆலைப் பெட்டியின் நிலை வேறு. அதன் வன்பொருள் நிலையானது. தேவையற்ற இயக்கி ஒவ்வொன்றும் தாக்குதலுக்கு ஒரு வாயிலாகலாம். தேவையான நிகழ்நேரத் தன்மையோ பொதுக் கருனியில் பெரும்பாலும் முடக்கப்பட்டிருக்கும். விரைவு கூடும் என்பதற்காகத் தனிக் கருனி தொகுக்கும் பழக்கம் தொண்ணூறுகளில் இருந்தது. நினைவகம் அரிதாயிருந்த காலம் அது. இன்று அக்காரணம் ஏறத்தாழப் பொருளிழந்துவிட்டது. பாதுகாப்பு, நிகழ்நேரம், புதுவன்பொருள் ஆகிய மூன்றில் ஒன்றேனும் இல்லாதபோது தனிக் கருனி தொகுப்பது தேவையற்ற சுமையே.

பதிப்பைத் தெரிதல்

தொகுப்பதற்கு முன் எடுக்கும் முடிவுகளுள் பெரியது பதிப்புத் தெரிவாகும். ஏறத்தாழ ஒன்பது அல்லது பத்து வாரங்களுக்கு ஒருமுறை புதுக்கருனி வெளிவருகிறது. ஆண்டுக்கு ஒன்று நெடுங்கால ஆதரவுப் பதிப்பாகக் கொள்ளப்படுகிறது. ஒரு காலத்தில் ஆறாண்டு நீண்ட இவ்வாதரவை இரண்டாண்டாகக் குறைக்கும் முடிவு 2023-இல் அறிவிக்கப்பட்டது. தேவை கருதிச் சில பதிப்புகளுக்கு நீட்டிப்பதும் உண்டு. பதினைந்தாண்டு ஓடவேண்டிய பொறிக்கு இது போதாது. இக்குறையை நிரப்பவே லினக்ஸ் பவுண்டேஷனின்கீழ் 2016-இல் 'சிவில் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் பிளாட்ஃபார்ம்' என்னும் கூட்டுத்திட்டம் தொடங்கப்பட்டது. சீமென்ஸ், ஹிட்டாச்சி, தோஷிபா முதலியன இதில் பங்கேற்றன. மின்நிலையம், தொடர்வண்டி போன்ற பொதுக்கட்டமைப்புகளுக்காகக் குறிப்பிட்ட சில பதிப்புகளைப் பத்தாண்டு பேணுவது இதன் நோக்கம். 4.4, 4.19, 5.10, 6.1 ஆகியன அவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டவை.

பதிப்பைத் தெரிந்தபின் கெர்னல் டாட் ஆர்க் தளத்திலிருந்து மூலநிரற்பொதியை இறக்கி, உடன்வரும் கையொப்பத்தைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். கையொப்பம் சுருக்கப்பட்ட பொதிக்கு உரியதன்று. சுருக்கம் நீக்கிய 'டார்' கோப்புக்கு உரியது. முதன்முறை சரிபார்ப்போர் பலர் இதனை அறியாமல் பொதி கெட்டது என்று முடிவுசெய்துவிடுகின்றனர்.

அமைவடிவம்

மூலநிரல் மூன்று கோடி வரிகளைத் தாண்டியது. அதில் எதனை ஏற்பது, எதனை விடுப்பது என்பதைக் 'கேகான்ஃபிக்' என்னும் அமைப்பு ஆள்கிறது. இயக்கிகள் உள்ளிட்ட பெரும்பாலான தெரிவுகளுக்கு மூன்று விடைகள் உண்டு: கருனியுடன் ஒட்டிக்கட்டுதல், வேண்டும்போது ஏற்றிக்கொள்ளும் தனிக்கூறாக ஆக்குதல், விடுத்துவிடுதல். விடைகள் யாவும் 'டாட் கான்ஃபிக்' என்னும் ஒரே உரைக்கோப்பில் பதிகின்றன.

பல்லாயிரம் வினாக்களுக்கு வெறுங்கையோடு விடைசொல்லத் தொடங்குவது பேதைமை. ஓடிக்கொண்டிருக்கும் கருனியின் அமைவடிவத்தைப் 'பூட்' அடைவிலிருந்து படியெடுத்து, 'மேக் ஓல்ட்டெஃப்கான்ஃபிக்' கட்டளையால் புதுப்பதிப்புக்கு ஏற்பப் புதுப்பிப்பதே வழக்கமான தொடக்கம். அடுத்து 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்னும் கட்டளையை இயக்கினால், அந்நேரத்தில் ஏற்றப்பட்டுள்ள கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு ஏனைய கூறுகளை அது விடுத்துவிடும். தொகுப்பு நேரம் பல மடங்கு குறையும்.

இக்கட்டளையின் வசதியிலேயே அதன் பொறியும் உள்ளது. அந்நேரத்தில் செருகப்படாதிருந்த கருவி அதற்குத் தெரியாது. எடுத்துக்காட்டாக, ஆர்எஸ்-485 தடத்தில் பேசும் அளவியைப் பெட்டியுடன் இணைக்க யுஎஸ்பி மாற்றி ஒன்று தேவைப்படுகிறது எனக் கொள்வோம். தொகுத்த நாளில் அது மேசையறையில் கிடந்தது. மூன்று மாதம் கழித்து, இரவுப் பணியில் பழுதுநீக்குநர் அதனைச் செருகுகிறார், கருனி வாய்திறப்பதில்லை. மாற்றியில் பழுதென்று கருதி அவர் புதிது வாங்குகிறார். பழுது மூன்று மாதத்துக்கு முன் விடுபட்ட ஒரு வரியில் இருக்கிறது. எனவே பயன்படவிருக்கும் கருவிகள் அனைத்தையும் ஒருமுறை செருகி, இயக்கிகள் ஏறியபின்னரே இக்கட்டளையை இயக்க வேண்டும். எக்கருவிக்காக எவ்வியக்கி என்பதையும் எழுதிவைக்க வேண்டும்.

'மேக் மெனுகான்ஃபிக்' தரும் பட்டியற்றிரையில் கையால் செய்யவேண்டிய மாற்றங்கள் சில உண்டு. முதலாவது, பதிப்புப் பெயருக்குப் பின்னொட்டு இடுதல். பின்னொட்டில்லாத கருனி, அதே பதிப்பெண்ணில் முன்பு தொகுத்த கருனியின் கூறுகளை மேலெழுதிவிடும். அடுத்து, வேர்க்கோப்பு முறையின் இயக்கியையும் சேமிப்பகக் கட்டுப்பாட்டியின் இயக்கியையும் ஒட்டிக்கட்டுதல். அவ்வாறு செய்தால் தொடக்கநிலை நினைவகக் கோப்பு இல்லாமலே பெட்டி எழும். ஆனால் அப்போது வேர்ப்பகுதியைக் கோப்புமுறை அடையாள எண்ணால் சுட்ட இயலாது. வட்டுப்பகுதி அடையாள எண்ணால் சுட்ட வேண்டும். இவ்வேறுபாடு தெரியாமல் கருங்திரையைப் பார்த்திருந்தோர் பலர். மூன்றாவது, அமைவடிவத்தைக் கருனிக்குள்ளேயே பொதிந்து, 'புராக்' அடைவின்வழிப் படிக்கவைக்கும் தெரிவு. சில பத்துக் கிலோபைட்டுகளே செலவாகும். பத்தாண்டு கழித்து மூலக்கோப்பு தொலைந்துபோயினும் ஓடும் பொறியே தன் அமைவடிவத்தைச் சொல்லிவிடும்.

அமைவடிவக் கோப்பு 'என்ன' என்பதைச் சொல்லும்; 'ஏன்' என்பதைச் சொல்லாது. அதில் எழுதும் குறிப்புரைகளையும் அடுத்த புதுப்பிப்பு அழித்துவிடும். ஆகவே மாற்றிய தெரிவுகளை மட்டும் சிறுசிறு துணுக்குக் கோப்புகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி, 'கிட்' களஞ்சியத்தில் வைத்தல் நன்று. துணுக்குகளை இணைக்கும் 'மெர்ஜ் கான்ஃபிக்' சிறுநிரல் மூலநிரலுடனேயே வருகிறது. காரணங்களைத் தமிழில் எழுதத் தடையேதும் இல்லை. இரவுப் பணியாளர் அவற்றைப் படித்தறிய வேண்டுமாயின் தமிழில் எழுதுவதே பொருத்தம்.

நிகழ்நேரத் தெரிவு

நிகழ்நேரம் என்பதை விரைவு எனப் பொருள்கொள்வது பொதுவான பிழை. குறித்த காலத்துக்குள் விடை வந்தே தீரும் என்னும் உறுதியே நிகழ்நேரம். சராசரி மறுமொழி நேரம் சற்றுக் கூடினும், மீப்பெரு தாமதம் ஓர் எல்லைக்குள் அடங்க வேண்டும். லினக்ஸுக்கு இத்தன்மையைத் தரும் 'பிரியெம்ப்ட் ஆர்டி' திருத்தங்கள் ஏறத்தாழ இருபதாண்டுகள் மூலநிரலுக்கு வெளியே தனித் தொகுதியாக வளர்ந்தன. இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலியோர் இப்பணியில் முதன்மையானவர்கள். 2024 நவம்பரில் வெளிவந்த 6.12 பதிப்பில்தான் எக்ஸ்86, ஆர்ம்64, ரிஸ்க்-ஃபைவ் கட்டமைப்புகளுக்கு அது மையக் கருனியிலேயே இடம்பெற்றது. எஞ்சிநின்ற தடை வியப்புக்குரியது: கருனி தன் செய்திகளை அச்சிடும் 'பிரிண்ட்கே' என்னும் எளிய செயற்கூறுதான் அது. செய்தி அச்சிடும் நேரத்தில் ஏனைய பணிகள் காத்திருக்க நேர்ந்தமையால் அதனை மீள எழுத வேண்டியதாயிற்று.

இத்தெரிவு பட்டியலில் உடனே தென்படாது. 'எக்ஸ்பர்ட்' தெரிவை இயக்கியபின்னரே தோன்றும். இயக்கியபின் 'சைக்ளிக்டெஸ்ட்' கருவியால் மீப்பெரு தாமதத்தை அளவிட வேண்டும். ஓய்ந்திருக்கும் பொறியில் ஐந்து நிமிடம் அளப்பதால் பயனில்லை. வலையமைப்பும் வட்டும் முழுச்சுமையில் இருக்கையில் பல மணி நேரம் அளக்க வேண்டும். அவ்வாறு அளந்தும் தாமதம் இடையிடையே துள்ளினால் குற்றம் கருனியில் இல்லாமலும் இருக்கலாம். எக்ஸ்86 பொறிகளில் தாய்ப்பலகையின் நிலைபொருள், கருனிக்குத் தெரியாமலே செயலியைச் சிறிதுநேரம் பறித்துக்கொள்வதுண்டு. அதனைக் கருனியின் எத்தெரிவும் தடுக்காது. பலகையை மாற்றுவதே வழி.

தொகுத்தல்

தொகுத்தற் பணியில் சொல்வதற்கு மிகுதியில்லை. ஜிசிசி, மேக், ஃபிளெக்ஸ், பைசன், பிசி ஆகியவற்றையும் எல்ஃப், ஓப்பன்எஸ்எஸ்எல் நூலகங்களின் தலைப்புக் கோப்புகளையும் நிறுவி, 'மேக்' கட்டளையைச் செயலிக்கருக்களின் எண்ணிக்கையுடன் இயக்கினால் போதும். தெபியனின் அமைவடிவத்தைப் படியெடுத்தவர்க்கு ஓர் இடறல் காத்திருக்கும். நம்பகத் திறவுகோல்களுக்கான தெரிவில் தெபியனுக்கே உரிய சான்றிதழ்க் கோப்பின் பாதை இருப்பதால் தொகுப்பு நின்றுவிடும். அப்பாதையை வெறுமையாக்க வேண்டும். பிழைதேடும் தகவலை விடுத்தால் பல ஜிகாபைட் வட்டிடம் மிஞ்சும். 'மேக் பின்டெப்-பிகேஜி' என இயக்கினால் தெபியன் பொதியாகவே கருனி கிடைக்கும். பல பெட்டிகளுக்குப் பகிரவும் பின்னர்ச் சுவடின்றி நீக்கவும் இதுவே ஏற்றது.

நிறுவுதலும் மீளுதலும்

பொதியை நிறுவினால் கருனி 'பூட்' அடைவிலும் கூறுகள் 'லிப்' அடைவிலும் அமர்கின்றன. 'கிரப்' தொடக்கநிரலின் பட்டியல் புதுப்பிக்கப்படுகிறது. நிலைபொருளின் பாதுகாப்புத் தொடக்கம் இயக்கத்தில் இருந்தால் சொந்தத் திறவுகோலால் கருனியில் கையொப்பமிட்டு, அத்திறவுகோலை நிலைபொருளில் பதிய வேண்டும். பழைய கருனியை நீக்கலாகாது என்பதை எல்லா வழிகாட்டிகளும் சொல்கின்றன. மேசைக் கணினியில் அவ்வளவே போதும். எழாவிட்டால் பட்டியலில் பழையதைத் தெரிவுசெய்யலாம். கடற்கரையில் கம்பத்தின்மேல் பொருத்திய பெட்டிக்கு விசைப்பலகை ஏது?

இதற்கான வழி அடுக்கடுக்காக அமைகிறது. 'கிரப்' அமைப்பில் இயல்பான தெரிவாகச் சேமித்த பதிவை வைத்து, 'கிரப்-ரீபூட்' கட்டளையால் புதுக்கருனியை ஒரே ஒருமுறைக்கு மட்டும் குறிக்கலாம். அதற்கடுத்த தொடக்கத்தில் பழைய கருனியே எழும். கருனி நிலைகுலைந்து நின்றால் முப்பது நொடியில் தானே மறுதொடக்கம் செய்யுமாறு 'பேனிக்' அளபுருவைத் தர வேண்டும். நிலைகுலைவை அறிவிக்காமலே உறைந்துபோனால் வன்பொருட் காவற்கடிகை அதனை மீட்கும். இவை யாவும் சரியாக இருந்தும் கருனி எழுந்து, வலையமைப்பு மட்டும் எழாமற்போகலாம். வெளியிலிருந்து நோக்குபவர்க்கு இதுவும் உறைநிலையும் ஒன்றே. ஆதலால் குறித்த நிமிடங்களுக்குள் வலையமைப்பு எட்டவில்லையெனில் மறுதொடக்கம் செய்யும் சிறுநிரலும் வேண்டும். சோதனையில் தேறியபின்னரே புதுக்கருனியை நிலையான தெரிவாக்க வேண்டும்.

சக்தி செயலி: பொதுக் கருனியே இல்லாத இடம்

இதுவரை கூறியது ஆயத்தக் கருனி இருக்க, அதனை விடுத்துத் தனிக் கருனி ஆக்குவது பற்றியது. ஆயத்தக் கருனியே இல்லாத நிலையும் தமிழகத்தில் நேர்ந்தது. சென்னை ஐஐடியில் பேராசிரியர் வீ. காமகோடி தலைமையில் சக்தி செயலித் திட்டம் 2014-இல் தொடங்கப்பட்டது. திறந்த கட்டளைத்தொகுதியான ரிஸ்க்-ஃபைவை அது அடிப்படையாகக் கொண்டது. அதன் வழிவந்த 'ரைஸ்கிரீக்' சில்லு இன்டெல் நிறுவனத்தின் 22 நானோமீட்டர் நுட்பத்தில் ஆக்கப்பட்டு, 2018-இல் அதன்மீது லினக்ஸ் எழுந்தது. அதே ஆண்டு 'ரிமோ' சில்லு சண்டிகரை அடுத்த மொகாலியிலுள்ள அரசுக் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் நுட்பத்தில் உருவானது. லினக்ஸின் மையக் கருனியிலோ ரிஸ்க்-ஃபைவ் ஆதரவு 2018 ஜனவரியில், 4.15 பதிப்பில்தான் முதன்முதலாக இடம்பெற்றது. கருனியும் சில்லும் ஏறத்தாழ ஒரே காலத்தில் வளர்ந்தன என்பது இங்குக் கருதத்தக்கது.

சில்லு கையில் இல்லாத கல்லூரிக்கும் இப்பயிற்சி எட்டும். சக்தியின் 'வஜ்ரா' வடிவம் ஆர்ட்டி ஏ7 100டி என்னும் களநிரல் வாயிலணிப் பலகையில் ஏற்றத்தக்கது. அப்பலகையின் நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. பொதுக் கருனியின் தாராளம் இங்குச் செல்லாது. மேசைக் கணினியில் குறுக்குத் தொகுப்பியைக் கொண்டு ரிஸ்க்-ஃபைவுக்கான கருனியைத் தொகுக்க வேண்டும். எக்ஸ்86 கணினியில் வன்பொருளை நிலைபொருள் அறிவிப்பதுபோல் இங்கு அறிவிப்பார் இல்லை. நினைவகம் எம்முகவரியில் தொடங்குகிறது, தொடர்முனை எங்குள்ளது, குறுக்கீடுகளை யார் ஏற்கிறார் என்பவற்றையெல்லாம் 'கருவிமரம்' என்னும் விவரிப்புக் கோப்பில் எழுதித் தர வேண்டும். முகவரி ஒன்று பிழைத்தால் திரையில் ஓர் எழுத்தும் வராது. பாடநூலில் கணினிக் கட்டமைப்பைப் படித்த மாணவர், அதனை ஒவ்வோர் எண்ணாகத் தாமே எழுதும் இடம் இது. பொறியியற் கல்லூரிகள் மிகுந்த திருவள்ளூர் மாவட்டத்தில் இயங்குதளப் பாடத்துக்கு இதனினும் பொருத்தமான ஆய்வகப் பயிற்சி அரிது.

உரிமமும் ஆவணமும்

ஆயத்தப் பெட்டியை விலைக்கு வாங்கும் ஆலை, அதனுள் ஓடும் கருனியை விற்றவருக்கே உரியது எனக் கருதிவிடுகிறது. லினக்ஸ் கருனியின் உரிமம் குனு பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பாகும். பொறிமொழிக் கருனியை வழங்குபவர் அதற்குரிய முழு மூலநிரலையும் உடன் தர வேண்டும். அல்லது குறைந்தது மூன்றாண்டுக்குச் செல்லத்தக்க எழுத்துமூல வாக்குறுதி தர வேண்டும். தொகுத்தலையும் நிறுவுதலையும் ஆளும் சிறுநிரல்களும் மூலநிரலுள் அடங்கும் என உரிமம் வரையறுக்கிறது. அமைவடிவம் இல்லாமல் அதே கருனியை மீளத் தொகுக்க இயலாது என்பதால் அதனையும் கேட்டுப் பெறுதல் முறையே. கொள்முதல் ஆணையில் ஒரு வரியாக இதனைச் சேர்ப்பதற்குச் செலவில்லை. விற்ற நிறுவனம் மூடப்பட்டபின், பாதுகாப்புத் திருத்தம் வேண்டி நிற்கும் நாளில்தான் அவ்வரியின் மதிப்பு தெரியவரும்.

அத்தகைய நாள் ஒன்று நாட்காட்டியில் முன்னரே குறிக்கப்பட்டுள்ளது. காலத்தை 32 இருமத்தில் எண்ணும் பொறிகளில், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்குப்பின் எண்ணி நிரம்பி 1901-க்குத் திரும்பிவிடும். 32 இருமக் கட்டமைப்புகளுக்கு இதன் தீர்வு, 2020 மார்ச்சில் வெளிவந்த 5.6 பதிப்பில் கருனியளவில் நிறைவுற்றது. அதற்கு முந்தைய கருனியோடு இன்று நிறுவப்படும் 32 இருமப் பெட்டி, தன் பணிக்காலத்துக்குள்ளேயே அந்நொடியைக் கடக்க வேண்டியிருக்கும். புதிய கருனி மட்டும் போதாது. அதன்மேல் ஓடும் சி நூலகமும் பயன்பாட்டு நிரல்களும் 64 இருமக் காலத்துக்கு மாறியிருக்க வேண்டும். மாறியுள்ளனவா என்று காண்பதற்கு அமைவடிவத்திலேயே ஒரு தெரிவு உண்டு. 32 இருமக் கால அழைப்புகளை ஆதரிக்கும் அத்தெரிவை நீக்கிச் சோதனைக் கருனி ஒன்றைத் தொகுத்து ஓடவிட்டால், பழைய முறையில் காலம் கேட்கும் நிரல்கள் அப்போதே பிழைசுட்டி நின்றுவிடும்.